முன் ஃபோர்க்கை நீட்டுமுன் பிரேக்கைப் பாருங்கள்

1969இல் வெளியான ‘ஈஸி ரைடர்’ படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய சாப்பர் பைக்கை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. வண்டியை விட்டு வெகுதூரம் முன்னே நீளும் ஃபோர்க், அதன் நுனியில் ஒல்லியான சக்கரம். அந்தச் சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. கலிஃபோர்னியாவில் அறுபதுகளில் வளர்ந்த அந்த மோகம் இன்றும் க்ரூஸர் வைத்திருப்பவர்களை விடவில்லை. அழகில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் முன்பக்கத்தில் எதை மாற்றினாலும் வண்டி நிற்கும் விதமும் கூடவே மாறுகிறது.

பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரம் எளிதில் சறுக்கும். க்ரூஸர் நீளமான வண்டி, எடை தாழ்வாக இருக்கிறது, அதனால் பின்பிரேக் போதும் என்று பலர் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. நீளம் கூடினால் எடை சாய்வது குறையும், சரி. கணக்குப் போட்டுப் பார்த்தால், 1,800 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள சாப்பரில்கூட அழுத்திப் பிடிக்கும்போது ஏறக்குறைய முக்கால் பங்கு எடை முன்சக்கரத்தில்தான் நிற்கிறது. காய்ந்த நல்ல சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் முழுத் திறனுக்குப் பயன்படுத்தினால் சுமார் 18 மீட்டரில் நிற்கலாம். பின்பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டரைத் தாண்டிவிடும்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலோர் பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. சாப்பர் பாணியில் மாற்றிய வண்டிகள் விபத்துகளில் அதிக விகிதத்தில் இருந்தன என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. பிரேக்தான் காரணம் என்று அதில் இல்லை. என்றாலும் மாற்றம் செய்ய நினைப்பவர் அலட்சியப்படுத்தக்கூடிய தகவல் அல்ல இது.

ஃபோர்க்கின் சாய்வைக் கூட்டினால் ‘ட்ரெயில்’ மாறும். ஸ்டியரிங்கின் அச்சுக்கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். சாதாரண வண்டியில் 26 டிகிரி சாய்வில் இது 95 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வேறெதையும் மாற்றாமல் 40 டிகிரிக்குச் சாய்த்தால் இரட்டிப்பாகிவிடும். நேர்சாலையில் வண்டி அசையாமல் போகும், மெதுவாகத் திரும்பும்போது முன்பக்கம் விழப் பார்க்கும். இதைச் சரிசெய்யச் சாய்வான ட்ரிப்பிள் ட்ரீ (ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் க்ளாம்ப்) போடுவார்கள். அதையே சாய்வு குறைந்த பழைய ஃப்ரேமில் மாட்டினால் ட்ரெயில் ஆபத்தான அளவுக்குக் குறைந்து, வேகத்தில் ஹேண்டில் உதறும். நீண்ட குழாய்கள் பிரேக் பிடிக்கும்போது பின்னோக்கி வளையவும் செய்யும். வளைந்த குழாய் உள்ளே சரியாக வழுக்காது. குண்டும் குழியுமான இடத்தில் பிரேக் பிடித்தால் டயர் தரையை விட்டுத் துள்ளும்.

டிஸ்க் ஒன்று போதாது, இரண்டாவதைச் சேர்ப்போம் என்பது நல்ல எண்ணம். ஆனால் பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டு இன்னொரு கேலிப்பர் மாட்டினால், தள்ளவேண்டிய ஆயில் இரண்டு மடங்கு. லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடலாம். பயந்துபோய் மிகப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் லீவர் கல்லாகிவிடும், விரலால் அளவாகப் பிடிக்க முடியாது. கேலிப்பர் பிஸ்டன்களின் பரப்புக்குப் பொருந்தும் அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணை பார்த்தே வாங்குங்கள்.

உயரமான ஹேண்டில்பார் போட்டால் ஹோஸும் நீளவேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதாக இறங்கிய நிலையில் ஹேண்டிலை இருபுறமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். அப்போதும் ஹோஸ் இழுபடக் கூடாது. ஹோஸ் மேலே வளைந்து இறங்கும் இடத்தில் காற்று தங்கிக்கொள்ளும். சாதாரண ஏர் எடுப்பில் அது போகாது, அதனால் ஹோஸை மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே எழவிடாதீர்கள். காப்பர் வாஷர்கள் புதியவையாக இருக்கட்டும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் 19 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 21 போடுவது எளிய வேலை அல்ல. முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் அது இயங்குகிறது. அளவு மாறினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து ஏபிஎஸ் நின்றுபோகலாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேலை முடிந்ததும் நேரே நெடுஞ்சாலைக்குப் போகவேண்டாம். காலி மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெல்ல மெல்லப் பிடித்துப் புதிய பேடுகளை டிஸ்கோடு பழக்குங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, கேலிப்பர் போல்ட்டுகளையும் ஹோஸ் இணைப்புகளையும் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். லீவரைப் பிடித்து விட்ட பிறகும் சக்கரம் இறுகி நின்றால், அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போகாதீர்கள்.