கூண்டைக் கொண்டு அறியப்படும் அந்துப்பூச்சி

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரை அடுத்து எல்பே ஆற்றங்கரையில் பரந்துள்ள ஆல்டெஸ் லாண்ட் போன்ற பழத்தோட்டப் பகுதிகளில், ஆப்பிள், செர்ரி இலைகளில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பழுப்புக் குச்சி ஒன்று நட்டுவைத்தாற்போல் நிற்பதுண்டு. அது குச்சியன்று; கோலியோஃபோரா என்னும் பேரினத்து அந்துப்பூச்சியின் புழு தன் உடலைச் சுற்றி அமைத்துக்கொண்ட கூண்டு. ஆக்ஸ்பர்க் நகரத்து யாகோப் ஹுப்னர் 1822-இல் சூட்டிய இப்பெயருக்குக் கிரேக்கத்தில் 'உறை சுமப்பது' என்பதே பொருள். நெல்லிலையை நறுக்கிக் குழலாக்கி அதனுள் வாழும் கூண்டுப்புழுவை அறிந்த தமிழ் உழவருக்கு இவ்வழக்கம் புதிதன்று. எனினும் அது இலைப்பரப்பைச் சுரண்டித் தின்ன, இதுவோ இலையின் இரு தோல்களுக்கிடையே உள்ள சதையை மட்டும் குடைந்து உண்கிறது.

கூண்டின் வாயை இலையோடு பட்டிழையால் ஒட்டி, வட்டத் துளையொன்றிட்டு, பின்னுடல் கூண்டுக்குள்ளேயே இருக்கத் தலை எட்டுமட்டும் உள்ளே நீட்டி மேய்ந்துவிட்டு, எட்டாதபோது கூண்டோடு பெயர்ந்து அடுத்த இடத்தில் ஒட்டிக்கொள்வது இதன் இயல்பு. எச்சத்தைக் கூண்டின் பின்முனை வழியாக வெளியே தள்ளிவிடுவதால், வெளிறிய திட்டில் துளை இருக்குமேயன்றிக் கரிய எச்சம் இராது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இது தெளிவாகத் தெரியும். லியோனேடியா என்னும் மற்றோர் இலைத்துளைப்பான் பாம்புபோல் நெளியும் பாதையில் எச்சத்தைக் கோடாக விட்டுச் செல்லும். ஜெர்மானியர் பழைய காசான பென்னிக்கின் பெயரால் அழைக்கும் அந்துப்பூச்சியோ வட்டத் திட்டுக்குள் வளையம் வளையமாக எச்சமிடும்.

கோலியோஃபோராதான் என்று தெரிந்த பின்னும், அதில் இன்ன இனம் எனத் துணிவதே கடினம். ஹெமெரோபியெல்லா இனத்தின் இளம்புழு வளைந்த கூண்டிலும், முதிர்ந்த புழு இலைக்குச் செங்குத்தாக நிற்கும் நேரான குழல் கூண்டிலும் வாழ்வதால், ஒரே இனத்தை இரண்டாக எண்ணிவிட இடமுண்டு. அனாடிபென்னெல்லாவின் கரிய கூண்டு கைத்துப்பாக்கி வடிவினது. ஸ்பினெல்லா, கொராசிபென்னெல்லா ஆகியவற்றின் கூண்டுகளோ ஒன்றையொன்று ஒத்திருந்து தேர்ந்தவரையும் திணறடிக்கும்.

பூச்சியைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே எனில், அமரும்போது உணர்கொம்புகளை முன்னோக்கி நீட்டும், ஓரத்தில் நீண்ட இழைகளுடைய குறுகிய சிறகுகள் கொண்ட இவற்றுள் பல ஒரே சாயலின. இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் ஆராய்வதே பெரும்பாலும் வழியாகிறது. புழுவை வளர்த்து அந்துப்பூச்சியாக்குவோர், பூச்சியைக் குத்திய ஊசியிலேயே வெறுங்கூண்டையும் கோத்து, எந்த மரத்தில் கிடைத்தது என்ற குறிப்பையும் சேர்த்து வைப்பது இதனால்தான்.