துப்பும் விதைக்குள் ஒரு காவலாளி

பன்னீர் திராட்சையை வாயில் போட்டதும் என்ன செய்வீர்கள்? சாற்றை உறிஞ்சிவிட்டு விதையைத் ‘தூ’ என்று துப்புவீர்கள். “விழுங்கினால் வயிற்றில் கொடி முளைக்கும்” என்று அண்ணனோ அக்காவோ பயமுறுத்தியும் இருப்பார்கள். அதெல்லாம் முளைக்காது! இன்று ஒரே ஒரு விதையை மட்டும் துப்பாமல் நன்றாக மென்று பாருங்கள்.

முதலில் லேசான கசப்பு. அப்புறம் நாக்கு வறண்டு, கன்னம் உள்ளே இழுக்கிறதா? நாவல்பழம் தின்றபோதும் இப்படித்தானே இருந்தது? அதுதான் துவர்ப்பு; அறுசுவையில் ஒன்று.

விதையில் துவர்ப்பைத் தரும் பொருளின் பெயர், திராட்சைக் கொடிபோல நீளமானது: புரோஆந்தோசயனிடின். நம் எச்சிலை வழவழப்பாக வைத்திருப்பவை சில புரதங்கள். இந்தப் பொருள் அவற்றோடு ஒட்டித் திரண்டுவிடும். வழவழப்பு போனதும் நாக்கும் கன்னமும் சொரசொரப்பாக உரசும்.

திராட்சைக்கு இது எதற்கு? பழம் இனிப்பைக் காட்டிப் பறவையைக் கூப்பிடுகிறது. விதையோ, “என்னைக் கடிக்காதே, அப்படியே விழுங்கு” என்கிறது. விழுங்கிய பறவை வேறோர் இடத்தில் எச்சமிட்டால், அங்கே புதுக்கொடி முளைக்கலாம்.

இந்தப் பன்னீர் திராட்சை எங்கே விளைகிறது? தேனி மாவட்டத்தில் சுருளிப்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டிப் பக்கம் போனால் தலைக்கு மேலே பந்தல், பந்தல் முழுக்கக் கருநீலக் கொத்துகள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் திராட்சை அறுவடை நடக்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த ரகம், ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு (ஒரு வட்டாரத்துக்கே உரிய பொருள் என்ற அடையாளம்) பெற்றது.

சரி, விதை உடம்புக்கு நல்லதா? நம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது சில முரட்டுத் துகள்கள் உண்டாகின்றன. அவை அளவுக்கு மீறினால் செல்களைச் சேதப்படுத்தும். சோதனைக்கூடத்தில் இந்தத் துவர்ப்புப் பொருள் அவற்றை அடக்கிக் காட்டியது. விதைச்சாறு சாப்பிட்ட சிலருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில ஆய்வுகளில் மாற்றம் இல்லை. ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: சோதனைக்கூடத்துக் கண்ணாடிக் குழாய் வேறு, நம் குடல் வேறு. துவர்ப்புப் பொருளின் பெரிய மூலக்கூறுகள் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அவற்றை உடைக்கின்றன.

ஆகவே திராட்சை விதை மருந்து அல்ல. மாத்திரையாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். பழத்தை நன்றாகக் கழுவி, விதையோடு மென்று தின்னுங்கள். முழுதாக விழுங்கிய விதை முழுதாகவே வெளியே போய்விடும். ஆனால் வீட்டில் குட்டித் தம்பி, தங்கை இருந்தால், பழத்தை நீளவாக்கில் நறுக்கி, விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்!