பழைய அம்பாசிடரில் பேட்டரி அடிக்கடி இறங்குவது ஏன்?

வாப்பா காலத்து அம்பாசிடரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்தக் கார் ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்து புதிதாக வாங்கி மாட்டுகிறோம். சில நாட்களில் அதுவும் இறங்கிவிடுகிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அமைப்பில் கோளாறு இருந்தால், எத்தனை பேட்டரி மாற்றினாலும் பணம்தான் வீண். இரவில் பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகும்போது ஹெட்லைட் மங்கி இன்ஜினும் நின்றுபோனால் ஆபத்து அதைவிடப் பெரிது.

எப்படி இயங்குகிறது?

1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான இந்தக் காரின் பழைய மாடல்களில் டைனமோ இருந்தது. பின்னர் வந்தவற்றில் ஆல்டர்னேட்டர் இடம்பிடித்தது. நீண்ட உருளை போல இருந்தால் அது டைனமோ. குட்டையாகவும் பருமனாகவும் காற்றுத் துளைகளோடும் இருந்தால் ஆல்டர்னேட்டர்.

ஃபேன் பெல்ட் டைனமோவைச் சுழற்றுகிறது. அதில் உண்டாகும் மின்சாரம் கட்-அவுட் பெட்டி வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்கு இரண்டு வேலைகள்: வோல்டேஜ் எல்லை மீறாமல் காப்பது, இன்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் போகாமல் துண்டிப்பது.

முதலில் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பையும் அதன் வயரையும் பாருங்கள். இன்ஜின் வேகம் கூடியதும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. டைனமோ உள்ள காரில், ஐடிலிங்கில் மட்டும் அந்த விளக்கு லேசாக மினுங்குவது இயல்பே.

அடுத்தது பெல்ட். இன்ஜினை நிறுத்திவிட்டு விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் உள்ளே போகலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும். இதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது என்பதால், இன்ஜின் சூடேறுவதும் சார்ஜ் குறைவதும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் பெல்ட் மீதே.

பிறகு பேட்டரி முனைகள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர்களையும் விடாதீர்கள். பல வண்டிகளில் கோளாறு இத்துடன் தீர்ந்துவிடும்.

மல்டிமீட்டர் சொல்லும் கணக்கு

சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில், முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. நல்ல பேட்டரியோடு இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் போகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி நீர் கொதித்து வற்றும்.

டைனமோவா, பெட்டியா?

சார்ஜ் போகவில்லை என்றால், டைனமோவில் உள்ள பெரிய 'டி' முனை, சிறிய 'எஃப்' முனை இரண்டிலும் வயர்களைக் கழற்றுங்கள். இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஐடிலிங்கிலிருந்து மெதுவாக வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜ் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டை எட்டும் முன் நிறுத்திவிடுங்கள். இன்ஜினை வேகமாக முறுக்கக் கூடாது.

சீராக ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. கோளாறு கட்-அவுட் பெட்டியிலோ வயரிலோ உள்ளது. எதுவுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். 1 வோல்ட் அளவிலேயே நின்றால் ஃபீல்டு காயிலையும், 4 அல்லது 5-இல் நின்றால் ஆர்மேச்சரையும் சந்தேகிக்கலாம். பிரஷ் மாற்றினால் போதும் என்ற இடத்தில், முழு டைனமோவையும் மாற்றச் சொல்பவரிடம் இந்த அளவைக் காட்டிப் பேசலாம்.

இந்தச் சோதனை டைனமோவுக்கு மட்டுமே. ஆல்டர்னேட்டரில் இப்படிச் செய்யக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பதும் கூடாது, உள்ளே இருக்கும் டயோடுகள் கருகிவிடும்.

நிற்கும்போதே சார்ஜ் இறங்கினால்

இன்ஜினை நிறுத்திய பிறகு கட்-அவுட்டின் பாயின்ட் ஒட்டிக்கொண்டால், பேட்டரி டைனமோ வழியாகவே காலியாகும். டைனமோ நெருப்பாய்ச் சுடும். உடனே எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். மற்றக் கசிவுகளைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையே ஒரு 12 வோல்ட் பல்பை வையுங்கள். அது எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது.

கவனம் தேவை

பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அருகில் தீக்குச்சியோ சிகரெட்டோ வேண்டாம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். ஆகவே உங்கள் காரில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்த பின்பே புதுப் பேட்டரியை மாட்டுங்கள்.

கட்-அவுட் பெட்டியைத் திறந்து பாயின்ட்டை வளைப்பது அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை. நாம் எடுத்த அளவுகளைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தால், அவருக்கு நேரமும் நமக்குப் பணமும் மிச்சம்.