முகக்குறி எதற்கு?

புறக்குறிகளைக் கொண்டு அகத்தை உணரும் ஆற்றலை அரபியில் ‘பிராஸத்’ என்பர். 1210இல் மறைந்த இமாம் பக்ருத்தீன் ராஸீ (ரஹ்) இதற்கெனத் தனி நூலே இயற்றினார்கள். இன்றோ, சில வினாக்களைக் கேட்டு மனிதரை 16 வகையினராகப் பிரிக்கின்றனர்.

இவ்வறிவின் நற்பயன் யாது? திருமறையின் 2:273 வசனம், தன்மானத்தால் கையேந்தாத ஏழைகளைச் சுட்டுகிறது. அறியாதவன் அவர்களைச் செல்வந்தர் என எண்ணுவான். அடையாளத்தைக் கொண்டே அவர்களை அறியலாம் என்கிறது.

49:12 வசனமோ, வீண் ஐயங்களையும் துருவி ஆராய்தலையும் விலக்குகிறது. அச்சத்தால் கலிமா மொழிந்தான் எனக் கருதி ஒருவனைப் போரில் கொன்ற உஸாமா (ரலி) அவர்களை, அவன் நெஞ்சைப் பிளந்தா பார்த்தீர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்தார்கள்.

ஆகவே, அண்டை வீட்டாரின் முகவாட்டத்தை அறிந்து, அவர்கள் கேட்குமுன் கொடுப்போம்; குற்றம் தேடி எவர் முகத்தையும் படியாதிருப்போம்.