மோட்டார் சைக்கிளா, காரா? எல்லைப்புறக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

பாலக்காட்டுச் சமவெளியில் வாழ்வோருக்கும் இடுக்கி மலைமீது வாழ்வோருக்கும் பொதுவானது, மாநில எல்லையைத் தாண்டிய அன்றாடப் பயணம். வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூருக்கும், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளிலிருந்து பொள்ளாச்சிக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் மலையேறி வருவோர் உள்ளனர். ஏலக்காய் வணிகர்களோ புற்றடிக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே சென்று வருகின்றனர். இத்தகைய குடும்பங்கள் வாகனக் கடனுக்காக வங்கியை அணுகும்போது முதலில் எழும் கேள்வி, மோட்டார் சைக்கிள் போதுமா, கார் வேண்டுமா என்பதே.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கும் சிறிய கார்களுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விலை குறைந்ததால், மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணியிருந்தோர் பலர் காரைப் பற்றியும் சிந்திக்கத் தொடங்கியுள்ளனர். எனினும் காட்சியகத்தில் சொல்லப்படும் விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தல் நன்றன்று. வண்டி நம் வீட்டில் இருக்கப்போகும் ஆண்டுகள் முழுவதற்குமான செலவைக் கணக்கிட வேண்டும்.

ஓடும் செலவும் நிற்கும் செலவும்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள்கள் பயணம் செய்யும் ஒருவருக்கு மாதத்தில் 1,000 கிலோமீட்டர் ஆகிறது. கணக்கின் எளிமைக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனக் கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 2,000 ரூபாயும், 18 கிலோமீட்டர் தரும் காருக்கு ஏறத்தாழ 5,560 ரூபாயும் எரிபொருளுக்குச் செலவாகும்.

பெரும்பாலோர் இத்துடன் கணக்கை நிறுத்திவிடுகின்றனர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. காப்பீட்டுக் கணக்கில் ஐந்தாம் ஆண்டில் வண்டியின் விலையில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. ஒரு லட்சம் ரூபாய் மோட்டார் சைக்கிளுக்கு இது மாதம் 833 ரூபாய். ஏழு லட்சம் ரூபாய்க் காருக்கு மாதம் 5,833 ரூபாய். இவற்றுடன் கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டையும் சேர்க்க வேண்டும். 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, வரி நீங்கலாக, 75 முதல் 150 சிசி வரையுள்ள புதிய மோட்டார் சைக்கிளுக்கு ஐந்தாண்டுக்கு 3,851 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள புதிய காருக்கு மூன்றாண்டுக்கு 10,640 ரூபாய். மாதக் கணக்கில் இவை முறையே 64 ரூபாயும் 296 ரூபாயும் ஆகும்.

மூன்றையும் கூட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் சுமார் 2,900 ரூபாய், காருக்குச் சுமார் 11,700 ரூபாய். பராமரிப்பு, டயர், சொந்தச் சேதக் காப்பீடு, கடன் வட்டி ஆகியவை இதில் சேரவில்லை. அதாவது, ஒருவர் மட்டும் பயணம் செய்யும் காரின் செலவு மோட்டார் சைக்கிளைப் போல் நான்கு மடங்கு. அதே காரில் நால்வர் நாள்தோறும் சென்றால், தலைக்கு ஆகும் செலவு மோட்டார் சைக்கிளுக்குச் சமமாகிவிடுகிறது. ஆகவே, வண்டியில் நாள்தோறும் எத்தனை பேர் அமரப்போகிறோம் என்பதே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தவணையின் நீளம்

ஆறு லட்சம் ரூபாய்க் கார் கடனை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் பெற்றதாகக் கொள்வோம். ஐந்தாண்டில் தீர்ப்பதானால் மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,47,000 ரூபாய். ஏழாண்டாக நீட்டினால் தவணை 9,653 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்த வட்டி சுமார் 2,11,000 ரூபாயாக உயரும். தவணை இலகுவாவதற்கு நாம் கொடுக்கும் விலை ஏறக்குறைய 64,000 ரூபாய். இது பயன்பட்ட ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்கு ஒப்பானது.

ஒப்பீட்டுக்கு, 80,000 ரூபாய் மோட்டார் சைக்கிள் கடனை 10 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டில் தீர்த்தால் மாதத் தவணை 2,581 ரூபாய். மொத்த வட்டி சுமார் 13,000 ரூபாய். ஏலக்காய் விலை ஏறி இறங்கும் பகுதியில், வருமானம் சுருங்கும் மாதத்திலும் தவறாமல் கட்டக்கூடிய தொகை எதுவோ, அதுவே தகுந்த தவணை. விளைச்சல் நன்றாக அமைந்த ஆண்டின் வருமானத்தை அளவாகக் கொண்டு ஏழாண்டுக் கடனைத் தீர்மானித்தல் கூடாது.

சமவெளியும் மலையும்

பாலக்காட்டுப் பகுதியின் சாலைகள் பெரும்பாலும் சமதளமானவை. ஒருவர் மட்டும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் சென்று திரும்புவதற்கு மோட்டார் சைக்கிளே சிக்கனமானது. ஆயினும் கணவாய்க் காற்றின் வேகமும், 40 டிகிரியைத் தொடும் கோடை வெயிலும் பயணத்தைக் கடினமாக்குகின்றன. சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கிடையே இரு சக்கர வாகனத்தில் செல்வது தனிக் கவனத்தைக் கோருவது. பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே நாள்தோறும் செல்வோர், நிலையம் வரை மோட்டார் சைக்கிளிலும் அதன்பின் ரயிலிலும் செல்வதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இடுக்கியின் நிலைமை வேறு. மூணாற்றிலிருந்து தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டு வரும் சாலையிலும், குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் சாலையிலும் கொண்டை ஊசி வளைவுகளும் மூடுபனியும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழையும் வரும். தேவிகுளத்தை அடுத்த கேப் ரோட்டில் பாறைச்சரிவால் போக்குவரத்து நின்றதை அப்பகுதியினர் அறிவர். சின்னக்கானல் பகுதியில் யானைகள் சாலைக்கு வருவதும் உண்டு. இத்தகைய பாதையில், அதிகாலையிலோ இரவிலோ நாள்தோறும் பயணம் செய்ய வேண்டியவருக்குக் கார் ஆடம்பரப் பொருள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மலையேற்றத்தில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பிரேக்கும் கிளட்சும் விரைவில் தேயும். மேற்கண்ட கணக்கில் காரின் செலவை இடுக்கி வாசகர்கள் சற்று உயர்த்தியே கொள்ள வேண்டும்.

உயிருக்கான கணக்கு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். சாலையில் இரு சக்கர வாகனங்களே மிகுதி என்பது இதற்கு ஒரு காரணம். எனினும், மோட்டார் சைக்கிளில் விழுபவரின் உடலைக் காக்க இரும்புக் கூடோ இருக்கைப் பட்டையோ இல்லை என்பதையும் மறக்கலாகாது.

மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுப்போர் சிலவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கட்டாயம். ஈர மலைச்சாலையில் ஓட்டுபவர் அவ்வசதியுள்ள வண்டியையே நாடுதல் நன்று. தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் வேண்டும். ஓட்டுநருடன் ஒருவர் மட்டுமே செல்லலாம் என்பது சட்டம். எனவே இரண்டு குழந்தைகளுடன் நால்வராகச் செல்லும் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் எவ்வகையிலும் விடையாகாது.

காப்பீட்டிலும் ஒரு கவனம் தேவை. புதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுவதால், எல்லாம் காப்பில் உள்ளன என்று எண்ணிச் சிலர் சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்க மறந்துவிடுகின்றனர். மண்சரிவிலும் வெள்ளத்திலும் வண்டிக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்வது இச்சொந்தச் சேதக் காப்பீடே. உரிமையாளரே ஓட்டுபவராயின், 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு நடப்பில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாநிலத்தில் பதிவு?

எல்லைப்புறத்தில் வசிப்போர் கோயம்புத்தூரிலோ தேனியிலோ வண்டி வாங்குவது இயல்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அம்மாநிலத்தின் பதிவெண்ணைப் பெற வேண்டும். அதற்கு முதல் மாநிலத்தின் தடையின்மைச் சான்று தேவை. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதலும் தேவை. புதிய மாநிலத்தில் சாலை வரியும் செலுத்த வேண்டியிருக்கும். கேரளத்தில் நிலையாக வசிப்பவர், தொடக்கத்திலேயே தம் முகவரிக்குரிய வட்டாரத்தில் பதிவு செய்துகொள்வது செலவையும் அலைச்சலையும் தவிர்க்கும். காரின் விலை அதிகமாதலால் வரியும் அதிகம்; இவ்விஷயத்தில் நேரும் பிழை காருக்கே கூடுதல் சுமை.

யாருக்கு எது ஏற்றது?

தனியாகச் சென்று திரும்புபவர், சமவெளிச் சாலை, பகல்நேர வேலை: இவருக்கு மோட்டார் சைக்கிள் போதும். குடும்பத்துடன் வெளியூர் செல்லும் நாள்களில் வாடகைக் காரோ பேருந்தோ அமர்த்திக்கொள்ளலாம். மாதம் மீதமாகும் 8,800 ரூபாயில் அச்செலவைத் தாங்க முடியும்.

கணவனும் மனைவியும் ஒரே திசையில் வேலைக்குச் சென்று, பிள்ளைகளையும் வழியில் பள்ளியில் விடுவதானால் கார் பொருத்தமானது. ஒரே பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்கள் எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு காரில் செல்வதும் சிக்கனமே. ஆனால் தனியார் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றுதல் சட்டத்துக்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதும் சிக்கலாகும்.

மலையில் வசித்து, மழைக்காலத்திலும் இருட்டிலும் பயணம் செய்வோர் கார் வாங்குவதற்குப் போதிய காரணம் உண்டு. தவணை சுமையாகத் தெரிந்தால் சிறிய காரையோ பயன்பட்ட காரையோ நாடலாம். முன்பணத்தைக் கூட்டிக் கடனைக் குறைக்கலாம். கடன் காலத்தை மட்டும் நீட்டாதிருத்தல் நன்று.

கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், ஒரு மாத காலம் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் சென்ற தொலைவையும், அதற்கான செலவையும், பயணம் செய்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அக்குறிப்பேட்டுடன் நம் கிளைக்கு வந்தால், மேற்கண்ட கணக்கை உங்கள் குடும்பத்தின் எண்களைக் கொண்டே நாம் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.