உருண்டையைச் சற்றுத் தட்டுங்கள்

ஓட்ஸ், நிலக்கடலை வெண்ணெய், தேன், சாக்லெட் துணுக்கு எல்லாவற்றையும் பிசைந்து உருட்டி, குளிர்பெட்டியில் வைத்து எடுக்கிற ‘நோ பேக் பைட்ஸ்’ இப்போது சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் அதிகம் பேசப்படுகிறது. ஓவன் வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. ஓவன் என்ற ஒன்றையே அறியாத அடுப்படியில் பிறந்த எள்ளுருண்டைக்கும் பயத்தம் உருண்டைக்கும், பொட்டுக்கடலை மாலாடுக்கும், ஆர்க்காட்டுப் பக்கத்துக் கேழ்வரகுச் சிமிலிக்கும், யாழ்ப்பாணத்து எள்ளுப்பாகுக்கும் அதே பெருமை உண்டு. யாரும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. அதற்காக ‘பாட்டிக்கு அப்போதே எல்லாம் தெரியும்’ என்று பேச்சை முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாட்டியின் உருண்டையில் அப்படியே காக்க வேண்டியது ஒன்று: மாவை வறுக்கிற வழக்கம். மாற்ற வேண்டியவை இரண்டு: இனிப்பின் அளவு, உருண்டை என்கிற வடிவம்.

முதலில், குழந்தைக்கு இப்படியொரு பண்டம் எதற்கு? காரணம் வயிற்றின் அளவு. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்பது ஒரு வேளைக்கு வயிறு ஏற்கும் அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 300 மில்லி. நீர்க்கக் கரைத்த கஞ்சியோ ரசஞ்சாதமோ நிறைத்தால் இடம் முடிந்துவிடும், சத்து நிறைவதில்லை. அந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ ஆயிரம் கலோரியை ஒட்டி. அதனால்தான் ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு மூன்று நான்கு வேளை உணவோடு, இடையில் ஓரிரு முறை சத்தான சிறுதீனி கொடுக்கலாம் என்கிறார்கள். தமிழ்நாடு இதை ஒரு காலத்தில் அரசுத் திட்டமாகவே செய்து பார்த்தது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை சரிவர ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அந்த உணவு தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த ஓர் உருண்டை. கடும் ஊட்டக் குறைவு குறைந்ததாகப் பின்னாளைய மதிப்பீடுகள் சொல்லின. முழுப் புகழையும் உருண்டைக்குக் கொடுத்துவிட முடியாது. எடை பார்த்ததற்கும் தாய்மார்களோடு உட்கார்ந்து பேசியதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சாப்பாட்டுக்குப் பதிலாக அல்லாமல், சாப்பாட்டுக்கு மேலாகக் கொடுப்பதற்கு உருண்டையைத் தேர்ந்தெடுத்தார்களே, அந்தத் தேர்வு சரியானது.

இனி வறுப்பதைப் பார்ப்போம். சுடாமல் செய்வது வேறு, பச்சையாகத் தின்பது வேறு. புதிய செய்முறைகள் சிலவற்றில் கோதுமை மாவையோ அரிசி மாவையோ அப்படியே கொட்டிப் பிசைகிறார்கள். இது ஆபத்து. பச்சை மாவில் கிருமி இருக்கலாம். ஈரமில்லாததால் அது பெருகாது, ஆனால் செத்தும் போகாது. 2016இல் அமெரிக்காவில் பச்சை மாவால் ஈ.கோலை தொற்று பரவி, டன் கணக்கில் மாவைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். நம் உருண்டைகளிலோ பயறு சிவக்க வறுபடும், எள் வெடிக்கும், கேழ்வரகு அடையாகச் சுட்ட பிறகே உரலுக்குள் போகும். கிருமி சாகிறது, பருப்பு எளிதில் செரிக்கிறது, ஈரம் வற்றுவதால் வறுத்த மாவில் பிடித்த பண்டம் பத்து நாளானாலும் கெடுவதில்லை. உருட்ட வரவில்லை என்று பால் தெளித்தால் அத்தனையும் போச்சு, அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிய வேண்டும்.

இனிப்புக்கு வருவோம், பாட்டியோடு பிணக்கு தொடங்குவது இங்கேதான். பொட்டுக்கடலை மாவுக்குச் சரிக்குச் சரி சர்க்கரை போடுகிற வீடுகள் உண்டு. அப்படிப் பிடித்த 15 கிராம் மாலாடில் ஆறு கிராம் சர்க்கரை இருக்கும். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஆயிரம் கலோரி உண்ணும் குழந்தைக்கு ஐந்து சதவீதம் என்பது பன்னிரண்டரை கிராம். இரண்டு மாலாடில் அன்றைய கணக்கு தீர்ந்தது. ‘நாங்கள் வெல்லம்தானே போடுகிறோம், அதில் இரும்புச்சத்து இருக்கிறதே’ என்ற பதில் உடனே வரும். ஓர் உருண்டையில் சேரும் நாலைந்து கிராம் வெல்லத்தில் அரை மில்லிகிராம் இரும்பு கூடத் தேறாது. பல்லுக்கும் உடம்புக்கும் வெல்லம் சர்க்கரைதான். தேனும் அப்படியே. அதோடு, குழந்தைகளுக்கு வரும் பாட்டுலிசம் என்ற நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் தேனில் இருக்கலாம் என்பதால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதை நாக்கில் தடவவும் கூடாது. பேரீச்சம்பழத்திலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. நார் இருப்பதால் சற்றுத் தேவலை. இரண்டு வயதுக்குள் வெல்லமும் சர்க்கரையும் இல்லாமல் அதை மட்டும் மசித்துச் சேர்ப்பது நல்லது.

இனிப்பைக் குறைத்தால் உருண்டை நிற்குமா என்பது நியாயமான சந்தேகம். பிடிப்பைத் தருவது இனிப்பு ஒன்றே அல்ல. எள்ளையும் கடலையையும் வறுத்து மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் எண்ணெய் கசியும். அந்த எண்ணெயும் இளஞ்சூட்டு நெய்யும் மாவைப் பிடித்து நிறுத்தும். பொட்டுக்கடலை 150 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100, வறுத்த எள் 50, பொடித்த வெல்லம் 75, நெய் 60. இந்தக் கணக்கில் 15 கிராம் எடையில் இருபத்தொன்பது துண்டு வரும். ஒன்றில் வெல்லம் இரண்டரை கிராம்தான். இரண்டு துண்டில் ஏறத்தாழ 150 கலோரி, நான்கைந்து கிராம் புரதம். பாகு காய்ச்சும் வேலையே இல்லாததால் நாலு வயதுக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்தி உருட்டச் சொல்லலாம். கொதிக்கும் பாகு தண்ணீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. பாகு காய்ச்சிக் கடலை உருண்டை செய்கிற அன்று பிள்ளைகள் கூடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து வடிவம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை விழுங்கிவிடக்கூடிய விளையாட்டுப் பொருள்களைக் கண்டறிய அமெரிக்காவில் ஒரு சோதனைக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மில்லிமீட்டர். நம் நெல்லிக்காய் அளவு உருண்டை மூன்று சென்டிமீட்டர்தான், அதற்குள் நழுவிப் போய்விடும். உருண்டையாகவும் கெட்டியாகவும் உள்ள பண்டம் மூச்சுக்குழலை அடைத்தால் வழி சிறிதும் விடாது. ‘எத்தனை தலைமுறை தின்றது, என்ன ஆயிற்று?’ என்று கேட்கலாம். பிழைத்தவர்களால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். உருட்டியதை உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி, வடைபோல் மெல்லிதாகத் தட்டி, விரலால் நசுங்கும் பதத்தில், சின்னத் துண்டுகளாகப் பிட்டுக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள். மாலாடு தொண்டையில் மாவாக உதிர்ந்து புரையேறும்; பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஐந்து வயதுவரை முழுக் கடலை, முழு முந்திரி எதையும் உள்ளே புதைக்க வேண்டாம்.

கடலை கொடுத்தால் ஒவ்வாமை வருமே என்ற பயத்துக்கு 2015இல் வெளியான லீப் ஆய்வு நல்ல பதில் வைத்திருக்கிறது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் செய்த ஆய்வு அது. முதல் ஆண்டிலிருந்தே நிலக்கடலையை உண்டு வந்தவர்களிடம் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். பசி கெடும் என்பதும் உண்மைதான், இரவு ஏழு மணிக்குக் கொடுத்தால். நாலு மணிக்கு இரண்டு துண்டு கொடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் பசித்துவிடும். நேரமில்லை என்பவர்களுக்கு: வறுக்கவும் அரைக்கவும் பிடிக்கவும் வாரத்தில் முக்கால் மணி நேரம் போதும். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று உறையிலேயே அச்சடித்திருக்கும் பிஸ்கட்டை அந்த வாரம் முழுக்க வாங்காமல் இருக்கலாம்.

பொரிவிளங்காய் உருண்டையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரியவர்களின் பல்லையே பதம் பார்க்கிற பண்டம் அது.