காலைப் பெட்ரோலும் மதிய எஞ்சினும்

‘வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே பெட்ரோல் போட்டுடு, மதியம் போட்டா அளவு குறையும்’ என்ற அறிவுரையைப் பொன்னமராவதியில் சித்திரை மாதத்தில் யாரும் தட்டமாட்டார்கள். கணக்குப் போட்டால் அதில் சாரம் குறைவு. ஒரு டிகிரி சூடேறினால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லி பெட்ரோல் விரியும். 5 டிகிரி வித்தியாசம் இருந்தாலும், 100 ரூபாய்க்குப் போட்டால் நஷ்டம் 50 காசுதான். அதுவும் பங்க் தொட்டி மண்ணுக்கடியில் கிடக்கிறது. ஒரு பகல் வெயில் அதை அசைக்காது.

சூடு விளையாடுவது எஞ்சினில். 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் பெட்ரோலின் அடர்த்தி சுமார் 2.4 சதவீதம் குறையும்; காற்றின் அடர்த்தியோ 8 சதவீதம். கார்புரேட்டர் வைத்த பழைய மொபெட்டில் காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. மிக்சர் கொஞ்சம் ‘ரிச்’ ஆகிறது, இழுவை குறைகிறது. பழி பெட்ரோல் மேல், குற்றவாளி காற்று.

மாடல் விமானத்தின் குட்டி எஞ்சினில் இது அப்பட்டமாகத் தெரியும். அதற்கு எரிபொருள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும். சிலர் நைட்ரோமீத்தேனும் சேர்ப்பார்கள். குளிரில் விளக்கெண்ணெய் கெட்டியாகி ஊசி வால்வின் சன்னமான இடுக்கில் தயங்கும். சூட்டில் இளகி ஓடும். வெயில் ஏறினால் ஊசியைச் சற்று உள்ளே முடுக்குவார்கள். மெத்தனால் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பம் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. அதே காற்றுக்கு இரு மடங்குக்கு மேல் மெத்தனாலும் தேவை. அதனால்தான் சிலிண்டர் தொட முடியாமல் கொதிக்க, ஒட்டினாற்போல் இருக்கும் கார்புரேட்டர் சில்லிட்டுக் கிடக்கும். ஈரப்பதமான நாளில் மேலே நீர்த்துளியும் பூக்கும்.

உண்மையான தொல்லை, எரிபொருள் கொதிப்பதுதான். மெத்தனாலுக்கு 65 டிகிரி வேண்டும். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதன் லேசான பகுதி 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். குழாயில் ஆவி அடைத்தால் எஞ்சின் பொருமி நின்றுவிடும். அம்பாசிடர் டிரைவர்கள் எஞ்சினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை மாசு விதி வந்தபின் இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பம்ப் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுத்தி அனுப்புகிறது. குக்கரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காதது போல, அந்த அழுத்தத்தில் பெட்ரோலும் எளிதில் ஆவியாவதில்லை. காற்றின் சூட்டை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் வேலையைச் சென்சார் பார்த்துக்கொள்கிறது.